குடம் வைத்த இடம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். நான்காம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாராவியில் எங்கள் சந்துக் குழாயடி. தண்ணீர் இன்னும் வரவில்லை. எனக்கு முன்னால் மாட்டுங்காவில் வீட்டு வேலை செய்யும் இரண்டு பெண்கள் நின்றார்கள்; மூத்தவள்தான் வரிசையில் முதல்.

"எக்கா, சாயங்காலம் கைப்பிள்ளயப் பாத்துக்கிட ஒம் மவள அனுப்பச் சொல்லி மேடம் கேட்டாவளாமே?"

"கேட்டாவ. அவளுக்கு அந்நேரம் கிளாஸ் இருக்குன்னேன்."

"அது ஓசி கிளாஸ்தான? விட்டா என்ன?"

"ஏட்டி, இந்தத் தண்ணியும் ஓசிதான். நீ எதுக்கு விடியுமுன்ன குடத்த வச்சு இடம் புடிச்சே?"

"இது தண்ணில்லா!"

"ஸ்கூல்ல வாயத் தொறக்காதவ, அங்க போன பொறவு போர்டுல நின்னு கணக்குப் போடுதா. நாலு நாள் போவலன்னா அவ இடத்த வேற பிள்ளைக்குக் குடுத்துருவாவ."

"மேடம் ஒன்னய நிப்பாட்டிட்டா?"

"மாட்டுங்கால வேற வீடா இல்ல?"

அப்போது மூத்தவளின் போன் அடித்தது.

"இல்ல மேடம், அவ வரமாட்டா. நான் வரட்டுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க."

பதிலைக் கேட்டவள் போனை இடுப்பில் செருகினாள். குழாயில் தண்ணீர் வந்தது.

"என்னக்கா சொன்னாவ?"

"வேண்டாமாம். குடத்த நவுத்து, என் முறை."

கேட்டது ஆடியில். எழுதியது கார்த்திகை ஏழு, ஞாயிறு.