ராஜினாமாக் கடிதத்தின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர்

மேடையில் வீற்றிருக்கும் நிலைய அதிகாரி அவர்களே! ஆம்புலன்ஸ் ஓட்டும் சூரர்களே! போன் அறைச் சகோதரிகளே! முன்வரிசையில் கண் சிவந்து உட்கார்ந்திருக்கும் என் தங்கச்சி புருஷன், மாப்பிள்ளையே! அவர் பக்கத்தில், கழுத்தில் இன்னும் ஹெட்போனோடு இருக்கும் என் தங்கச்சி மகளே! அனைவருக்கும் இந்தப் பழைய டிரைவரின் வணக்கம்.

நான் இப்போது சொல்லப்போகும் கதையை இந்த அரங்கில் ஓர் ஆள்கூட நம்பப்போவதில்லை. இது உறுதிமொழி!

யார் இந்தப் படத்தில் சிரிக்கும் தலைமை ஆபரேட்டர்? என் தங்கை! முப்பத்தொரு வருஷம் "ஆம்புலன்ஸ் அறை, சொல்லுங்க" என்று பேசிய குரல்! அந்தக் குரலைக் கேட்டால் நின்றுபோன இதயம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி ஓடும்! ஆனால் இந்த வளாகம் என் தங்கைக்கு வைத்த பட்டம் என்ன? 'பத்து நிமிஷம்'! மோசமான அழைப்பு ஒன்று முடிந்தால் போதும், ஹெட்போனைப் பக்கத்து ஆளிடம் கொடுப்பாள். முகம் கழுவுவாள். உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர். ஒரு வாழைப்பழம். கொஞ்சம் ஜன்னல். பத்து நிமிஷம் கழித்துத்தான் அடுத்த போன். அவள் குடித்த குடியில் மாடித் தொட்டி மூன்று முறை வற்றியது! அவள் பார்த்த பார்வையில் ஜன்னலோர மரம் கூச்சப்பட்டு இரண்டடி தள்ளி நின்றது!

வெள்ளம் வந்த வாரம் நாற்பது லட்சம் அழைப்புகள். மேலிடத்து அதிகாரி ஒருவர் கொதித்துவிட்டார்.

"ஊரே மூழ்குது, உங்களுக்கு வாழைப்பழம் கேக்குதாம்மா?"

"இது எனக்கில்ல சார். அடுத்து போன் பண்றவங்களுக்கு."

மறுநாள் அவரே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றார்!

பிறவியிலேயே இப்படியா? எங்கே! வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். பெரிய விபத்து ஒன்று. பதினாறு மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, "எனக்கு ஒண்ணுமில்லண்ணே" என்ற வீறாப்பு மட்டும் உண்டு. காலையில் ஒரு பெரியவருக்கு நெஞ்சுவலி. ரேடியோவில் முகவரி சொன்னாள். பறந்தேன்! ரயிலை முந்தினேன்! கதவைத் திறந்தால் யார்? என் மாப்பிள்ளை! களைப்பில் சொந்த வீட்டு முகவரியைச் சொல்லியிருக்கிறாள். பதற்றத்தில் எனக்கும் உறைக்கவில்லை. இவர் வாயெல்லாம் வெள்ளை நுரை! அள்ளி ஸ்ட்ரெச்சரில் கட்டினேன்.

"ஷேவிங் நுரைன்னு நாலு தடவை கத்தினேன்யா!"

கேட்டீர்களா? இன்னும் கத்துகிறார்!

அந்தப் பெரியவரை வேறு வண்டி ஏற்றியது. ஏழு நிமிஷம் தாமதம். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஏழு நிமிஷம் என் தங்கையை விடவில்லை. மாப்பிள்ளையை ஸ்ட்ரெச்சரோடு வாசலில் விட்டுவிட்டு நான் போன் அறைக்குள் போனபோது மேஜையில் ராஜினாமாக் கடிதம்.

"ஒரு உசுரைக் கொன்னிருப்பேண்ணே."

நான் என்ன ஞானியா? டிரைவர். வண்டி நின்றுபோனால் முதலில் என்ன பார்ப்போம்?

"கடைசியா எப்ப சாப்பிட்ட?"

தண்ணீர் கொண்டுவந்தேன். "இதைக் குடி. பத்து நிமிஷம் கழிச்சும் போகணும்னு தோணினா, கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்." குடித்தாள். டம்ளரைக் கடிதத்தின் மேலேயே வைத்தாள். வாசலில், பாதிக் கன்னத்து நுரையோடு ஸ்ட்ரெச்சரில் வந்த கணவரைப் பார்த்தாள். சிரித்தாள் பாருங்கள், நாலு ஜன்னல் கண்ணாடி தெறித்தது!

இதை ஏன் இன்றைக்குச் சொல்கிறேன்? அவள் நம்மை விட்டுப் போய்ப் பன்னிரண்டு நாள். அவள் நாற்காலியில் இப்போது அவள் மகள். பத்து நிமிஷம் எடுத்தாளா? ஒரு நிமிஷமாவது? நேற்று ரேடியோவில் ஒரு முகவரி சொன்னாள். யார் வீடு? அவள் வீடேதான்! டிரைவர் உடனே கண்டுபிடித்துவிட்டார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் காலையில் இவள் கடிதம் அதிகாரி மேஜைக்குப் போய்விட்டது. ஐந்து மணிக்கு மேலிடத்துக்கு.

"மாமா, எல்லார் முன்னாடியும் எதுக்கு..."

"தனியாப் பேச நீ எங்கடி நேரம் கொடுத்த?"

அதிகாரி ஐயா, மணி நாலே முக்கால். அந்தக் கடிதத்தின் மேல் ஒரு டம்ளர் வையுங்கள். பாப்பா, ஹெட்போனைக் கழற்று. முகம் கழுவு. பழம் அம்மா மேஜையில் இருக்கிறது. பத்து நிமிஷம் கழித்தும் போகத்தான் வேண்டுமென்றால் போ, சைரன் போட்டு நானே கொண்டுபோய் விடுகிறேன்! சகோதரிகளே, இனி இந்த அறையில் எவள் வீறாப்பாக உட்கார்ந்தாலும் பக்கத்தில் இருப்பவள் ஹெட்போனைப் பிடுங்குவாளா?

"பிடுங்குவோம்!"

அவளுக்கு இதைவிடப் பெரிய அஞ்சலி ஏது?

சரி, ஒப்புக்கொள்கிறேன். தொட்டி வற்றவில்லை. மரம் நகரவில்லை. ரயிலை நான் முந்தவே இல்லை, கேட் போட்டிருந்தது. நுரைக்கு மாப்பிள்ளை சாட்சி. என்னால் சத்தியம் செய்ய முடிந்தது ஒரு சின்ன விஷயம்தான். என் பர்ஸில் இருபத்தொன்பது வருஷமாக இருக்கும் இந்தத் தாள். நடுவில் வட்டமாக மை கலைந்திருக்கிறது, பாருங்கள். டம்ளர் வைத்த இடம்.