ராஜகோபாலன் குத்திய ஓட்டை

தலைமை நாற்காலியை அலங்கரிக்கும் எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர், பெருமதிப்பிற்குரிய ராஜகோபாலன் அவர்களே! அந்தத் தலைவரையே முப்பத்தாறு ஆண்டுகளாகச் சமாளித்துவரும் ஜானு அம்மா அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! போண்டா எப்போது வரும் என்று வாசலையே பார்க்கும் பின்வரிசை நண்பர்களே! பெற்றெடுத்த, பேணி வளர்த்த, பேச்சு நீண்டால் எழுந்து போகவும் தயங்காத தாய்மார்களே! முதல் மாடி வலியுல்லாவின் முத்தான வணக்கம்!

என்னை ஆண்டறிக்கை வாசிக்கத்தான் அழைத்தார்கள். வாசிக்கப் போவதில்லை! சென்ற மாதம் தலைவர் வீட்டில் நடந்ததைச் சொல்லப் போகிறேன். தலைவர் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். இழுக்கட்டும். ஜானு அம்மாவிடம் அனுமதி வாங்கிய பிறகுதான் மேடை ஏறினேன்!

அன்று செவ்வாய்க்கிழமை. பதினொரு மணிக்கு ஜானு அம்மாவுக்குக் கணினி வழியே நேர்காணல். எந்த வயதில்? அறுபதில்! எந்த வேலைக்கு? பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு! பணி ஓய்வுக்குப் பிறகு எழுத்துக்கூட்டிப் படித்து, நான்கு தேர்வு எழுதித் தேறியவர் அவர். கைதட்டுங்கள், தகும்!

பத்தரைக்கு மின்சாரம் போனது. உடனே வந்தது. விளக்கு வந்தது, விசிறி வந்தது, வைஃபை வந்ததா? வரவில்லை! ரௌட்டர் விழித்தெழ மூன்று நிமிடம் வேண்டும். தலைவரின் பொறுமை எத்தனை நிமிடம்? ஒன்றே ஒன்று! பின்பக்கம் ஒரு சிறு ஓட்டை கண்டார். ஊக்கை எடுத்தார், குத்தினார், பத்து எண்ணும்வரை அமுக்கினார். பிறகு நல்ல பிள்ளையாகச் செய்தித்தாளை விரித்தார்.

"ஏன்னா, கனெக்ட் ஆகவே மாட்டேங்கறதே! எதையாவது தொட்டேளா?"

"நானா? பேப்பர்னா படிச்சுண்டிருக்கேன்!"

என்னைக் கூப்பிட்டார்கள். அணைத்தேன், அரை நிமிடம் பொறுத்தேன், போட்டேன். ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். சிவப்பு விளக்கு சிவப்பாகவே இருந்தது. ஓடினேன் தெருவுக்கு! எங்கள் பகுதி இணைய இணைப்புகளைப் பார்க்கும் பட்டினப்பாக்கத்து முத்துமாரி, பக்கத்துக் கட்டடத்தில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். கையோடு அழைத்து வந்தேன்.

ரௌட்டரைத் திருப்பிப் பார்த்தார் முத்துமாரி. "யார்னா இந்த ஓட்டைல குத்தினீங்களா?"

தலைவர் சொன்னார்: "தானா ஆயிருக்கும்மா."

"தானால்லாம் ஆவாது சார். சும்மா ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பேரு, பாஸ்வேர்டு அப்டியேதான் இருக்கும். இதுல குத்துனாதான் மொத்தமும் அழிஞ்சு பூடும். யாரும் குத்தலைன்னா லைன்லதான் ஃபால்ட்டு கீது. கம்பத்துல ஏறிப் பாக்கணும், அர மணி ஆவும்."

மணி பத்து நாற்பத்தெட்டு! பட்டுப்புடவையில் நின்ற ஜானு அம்மா கோபப்படவில்லை, அன்பர்களே. கண் கலங்கி, "பரவால்ல, விடுங்கோ. நமக்குக் கொடுத்து வெச்சது அவ்வளவுதான்" என்றார்.

அந்த ஒரு சொல் போதும்! செய்தித்தாள் கீழே விழுந்தது. "ஜானு, நான்தான் குத்தினேன். உனக்கு நாழியாயிடுமேன்னு பயந்துட்டேன்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா நைனா!" என்றார் முத்துமாரி. ரௌட்டரின் அடியில் அச்சிட்டிருந்த பெயரையும் பாஸ்வேர்டையும் பார்த்துக் கணினியை இணைத்தார். இணைப்பு எண்ணைப் புதிதாக ஏற்றினார். "வைஃபைக்குப் பேரு இன்னா வெக்கட்டும்மா?" என்று கேட்டார். ஜானு அம்மா அவர் காதில் ஏதோ சொன்னார். பத்து ஐம்பத்தேழுக்குப் பச்சை விளக்கு எரிந்தது!

வேலை கிடைத்ததா? கிடைத்தது, அன்பர்களே, கிடைத்தது!

பெரியோர்களே, கருவி பழுதாவது குற்றமா? இல்லை. அவசரத்தில் கை தவறுவது குற்றமா? அதுவும் இல்லை. "நானில்லை" என்றாரே, அதுதான் அன்று பதினைந்து நிமிடத்தை விழுங்கியது! "நான்தான்" என்றாரே, அதுதான் ஒரு பெண்ணின் இரண்டாண்டு உழைப்பைக் காத்தது! அப்படிச் சொல்லத் துணிந்த மனிதர் நமக்குத் தலைவர் என்பதில் எனக்குப் பெருமை. சட்டையை இப்போதாவது விடுங்கள், ஐயா!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம். ஜானு அம்மா வைத்த பெயர் தெரியவேண்டுமா? கைப்பேசியை எடுத்து வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். இந்தக் கட்டடம் முழுக்கத் தெரிகிறது:

"குத்தினது எங்காத்துக்காரர்."