நுரை அடங்கற வரைக்கும்

குழாயைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி தம்பி. நேரா அடிச்சா நுரை இன்னும் கிளம்பும். ஆங், அப்படித்தான், தூறல் மாதிரி விழணும். லேப்ல உக்காந்து பாட்டிலை ஆட்டறவன் நீ, இதெல்லாம் உனக்குப் பழக்கமில்லைதான். என்ன பண்றது, ஹெல்ப்பருங்களை எல்லாம் நானே டேங்கரைக் கழுவ அனுப்பிட்டேன். அதான் மேனேஜரும் கெமிஸ்ட்டுமா டேங்க் உச்சியில நின்னுக்கிட்டிருக்கோம். நான் நிக்கலையா? சரி, நான் வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்திருக்கேன். வயசுக்கு மரியாதைன்னு வெச்சுக்கோயேன்.

உன் வாக்கிடாக்கியா? அந்த ஏணிக்குக் கீழயே இருக்கட்டும், தண்ணி பட்டா போயிடும். என்னுது கழுத்துல தொங்குதே, ரெண்டு பேருக்கும் ஒண்ணு போதும். அதுல சத்தமே வரலையா? யாராவது பேசினாத்தானே வரும். கண்ட்ரோல் ரூம்ல ஆபரேட்டர் சாப்பிடப் போயிருப்பான். நீ அந்தப் பக்கம் பார்க்காதே, நுரையைப் பாரு.

இந்தா, அந்த வட்டக் கண்ணாடியில எட்டிப் பாரேன். உள்ள தெரியுதா, சோப்பு போட்ட மாதிரி? நேத்து வரைக்கும் சாதுவாத்தான் இருந்துச்சு. மார்க்கெட் அழுகல், கேன்டீன் மிச்சம், கோழிப் பண்ணைக் கழிவு, எது போட்டாலும் வாயை மூடிக்கிட்டுத் தின்னு கேஸ் விட்டுக்கிட்டிருந்துச்சு. அந்த கேஸ்ல ஊர் பஸ்ஸே ஓடுது. பஸ்ல ஏறினவன் எவனாவது நம்மளை நினைக்கறானா? இந்த வாசல் பக்கமா வந்தா மட்டும் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுவான்.

இந்த டேங்க்கைப் பத்தி ஒண்ணு சொல்றேன், நீ படிச்சதுதான். உள்ள இருக்கற கிருமியை நாலு நாள் பட்டினி போடு, செத்துடாது. சுருண்டு படுத்துக்கும், மறுபடி கொடுத்தா எழுந்துக்கும். ஆனா திடீர்னு ஒரே நாள்ல வாரி வாரிக் கொடுத்தே, அவ்வளவுதான். வயிறு உப்பி, நுரை தள்ளி, புளிச்சுப் போயிடும். காஞ்சு கிடந்ததுக்கு மொத்தமாக் கொடுக்கவே கூடாது.

அதான் நேத்து கெட்டுப்போன பாலை மொத்தமா இறக்கினோமேன்னு கேக்கறியா? யார் இறக்கச் சொன்னா? நானா? இருக்கும், இருக்கும். டேங்கர்காரன் வாசல்லயே நின்னு கத்திக்கிட்டிருந்தான், அந்த அவசரத்துல சொல்லியிருப்பேன்.

என்ன தம்பி, வாசல் கேட்டுப் பக்கமே கண்ணு போகுது? மணி பார்க்கணுமா? போன் இருந்தா பார்த்திருக்கலாம். அதைத்தான் வாசல் பெட்டியில போட்டுட்டு வரணும்னு வெச்சிருக்கோமே. கேஸ் இருக்கற இடம், ஒரு பொறி பட்டாக்கூட நம்ம ரெண்டு பேரையும் கூட்டித்தான் அள்ளணும். பன்னெண்டு அடிக்கப் போகுது. நீ மத்தியானம் லீவு கேட்டே, ஞாபகம் இருக்கு. மாமாவை ஆஸ்பத்திரியில சேர்க்கணும்னு சொன்னே. நல்லது. ஆனா உன் லாக்கர் கதவு திறந்து கிடந்துச்சு, கண்ணுல பட்டுடுச்சு. ஆஸ்பத்திரிக்கு எதுக்குப்பா இஸ்திரி போட்ட புதுச் சட்டை? அட, முகம் ஏன் இப்படிச் சிவக்குது, வெயிலா?

சும்மா கேட்டேன். இதோ பாரு, வெளிப்படையாச் சொல்றேன். உனக்காக எங்கயாவது, யாராவது காத்துக்கிட்டிருந்தா, இப்பவே சொல்லு. குழாயை நான் வாங்கிக்கறேன். நீ கையைக் கழுவிட்டுக் கிளம்பு. நுரை தானே, நான் பார்க்காத நுரையா?

வாயை இந்தப் பக்கம் திருப்பிப் பேசு தம்பி, டேங்க்கைக் கலக்கி விடற இந்தக் கலக்கி மோட்டார் போடற சத்தத்துல ஒண்ணும் விளங்கல.

யாரும் இல்லையா? நிச்சயமா? மாமாகூட காத்திருப்பாரே! ஓ, அவரைச் சாயந்திரம் சேர்த்தாப் போதும். சரி. நிக்கறேன்னு நீதான் சொல்றே. நான் நிறுத்தி வெக்கல. அப்புறம் என் மேல பழி போடக்கூடாது.

நல்ல பையன்யா நீ. உன்னை நிரந்தரம் பண்ற விஷயத்தை மேல பேசிட்டேன். என் ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருக்காங்க. அட, குழாயை விட்டுட்டுக் கும்பிடாதேப்பா, என் மேல தெளிக்குது!

எடை மேடையில ஒருத்தன் இருந்தான், தெரியுமா? உனக்கு முன்னாடி. அவனைப் பத்தி ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க. அவன் வேலை போய் வீட்டுக்குப் போனதுக்குக் காரணம் எடையில குளறுபடி இல்ல. என் வீட்டு வாசல்ல ரெண்டு தடவை சைக்கிளை நிறுத்தினான். பஞ்சர்னான். ரெண்டு தடவையும் அதே இடத்துல பஞ்சர்! அதுக்கப்புறம் இந்த ஊர்ல அவனுக்கு எங்கயும் வேலை கிடைக்கலைன்னு கேள்வி. நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல. பார்த்து, தண்ணி நுரையை விட்டுட்டு ஏணி மேல விழுது. நல்லாப் பிடி.

என் பொண்ணை நீ பார்த்திருக்கியோ? ஆறு மாசத்துக்கு முன்னாடி காலேஜ் புராஜெக்ட்டுன்னு வந்தாளே. உன் லேப்லதான் பாட்டில் பாட்டிலா சேறு எடுத்துக்கிட்டுப் போனா. ஒரு தடவையா? அவ மாசம் பூரா வந்த மாதிரி எனக்கு ஞாபகம். ஒரு தடவைதான் பார்த்தியா. சரிப்பா, நீ சொன்னா சரி. பேர் தெரியுமா? தெரியாதா! ஒரு மாசம் சேறு அள்ளிக் கொடுத்தும் அந்தப் பொண்ணோட பேரைக்கூடக் கேக்காத அடக்கம் எவனுக்கு வரும்?

இல்ல, அவளுக்கு இடம் பார்க்கணும்னு வீட்டுல பேச்சு. அதான் கேக்கறேன். இப்ப உன் மாதிரி ஒரு பையன் இருக்கான்னு வெச்சுக்கோ. படிச்சிருக்கான், கெட்ட பழக்கம் இல்ல. அவனுக்கு என் பொண்ணு மேல ஒரு இது இருந்துச்சுன்னா, நேரா என்கிட்டயே வந்து சொல்லலாம். நான் என்ன புலியா? சொல்லலாம்தானே? ஆங்? சத்தமா.

உனக்கு அந்த மாதிரி எண்ணமே இல்லையா. எப்பவும்? என் பொண்ணைப் பத்தி மட்டுமா, எந்தப் பொண்ணைப் பத்தியுமா? ரெண்டும். சபாஷ். தங்கச்சி மாதிரியா! அதை நான் கேக்கவே இல்லையேப்பா. நீயாச் சொல்றே. கேட்டுக்கறேன்.

அதுவும் நல்லதுதான். உனக்குத் தெரிஞ்சிருக்கும், அவளுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். சின்னதுலேர்ந்தே அப்படி. என்கிட்ட மட்டும் இன்னும் ஜாஸ்தியாத் திக்கும், ஏனோ. இந்த இடத்தோட பேரையே அவளால சொல்ல முடியாது. ப... ப... ப... ப... பயோ... க்... க்... ஹ ஹ! அவ பயோகேஸ்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள இந்த டேங்க்கே ஒரு தடவை நிரம்பிக் காலியாயிடும்னு நான் வீட்டுல சொல்றது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உப்பு கேட்டா, கை கழுவற நேரத்துக்குத்தான் உப்புன்னு வரும். ஹ ஹ ஹ!

சிரி, சிரி. எதுக்கு அடக்கறே? மேனேஜர் ஜோக் அடிச்சாச் சிரிக்கணும்ப்பா, அது வேலையில பாதி. ஹா! அப்படி. நல்லாச் சிரிக்கறே. உனக்குக் கணீர்னு குரல்.

என்ன? ஆமா, கலக்கி நின்னு போச்சு. மோட்டார் தானாவே ட்ரிப் ஆகி நின்னிருக்கும்கறியா? இருக்கட்டும் விடு. நீ இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டாம், நில்லு. சத்தம் இல்லாம நிம்மதியாத்தான் இருக்கு. இப்ப காதுல எல்லாம் தெளிவா விழுது.

ட்ரிப் ஆகல தம்பி. கையால நிறுத்தினது. கண்ட்ரோல் ரூம்லேர்ந்து.

ஆபரேட்டர் இல்லையேன்னா? இல்லதான். ஆனா நாற்காலி காலியாயில்ல. காலையிலேர்ந்து அங்க உக்காந்திருந்தது அவதான், நீ பேர் தெரியாதுன்னியே, அவ.

இந்தா, என் கழுத்துல தொங்கற வாக்கிடாக்கியைப் பாரு. பட்டன் மேல ஒரு டேப் சுத்தியிருக்கேன், தெரியுதா? அமுக்கிப் பிடிச்சா விரல் வலிக்குது, வயசாச்சுல்ல. பட்டன் அமுங்கியே இருந்தா அந்தப் பக்கம் பேசறது நமக்குக் கேக்காது, நாம பேசறது மட்டும் அவங்களுக்குக் கேக்கும். அதான் சத்தமே வரல. நீ கெட்டிக்காரன், அப்பவே கேட்டே. ரெண்டாவது தடவை கேட்டிருக்கலாம்.

குழாயைக் கீழ போடாதே. தண்ணி வீணாப் போகுது.

நேத்து காலையில கட்டிலுக்கு அடியில பையைப் பார்த்துட்டேன். என்னன்னு கேட்டேன். அவ ஒண்ணும் மறைக்கல, அதுல என்னை விடத் தைரியக்காரி. திக்கித் திக்கி எல்லாத்தையும் சொன்னா. பன்னெண்டு மணிக்குப் பதிவு ஆபீஸ், நீ புதுச் சட்டையில வருவே, சாட்சிக்கு உன் கூட்டாளி. நான் கத்தல, கையை ஓங்கல. ஒரே ஒரு பந்தயம் வெச்சேன், உன்கிட்ட மட்டும் மூச்சு விடக்கூடாதுன்னு. நீ வந்து கண்ட்ரோல் ரூம்ல உக்காரு, நான் அந்தப் பையன்கிட்டப் பேசறேன், நீ கேளு. நான் அவனைப் பயமுறுத்தறேன்னு நீ நினைச்சாலும் சரி, அவன் வாயிலேர்ந்து உன் பேர் ஒரே ஒரு தடவை வந்துட்டா, நானே வண்டியில ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பதிவு ஆபீஸுக்கு ஓட்டறேன், சாட்சிக் கையெழுத்தும் நானே போடறேன்னேன். போதும்னு தோணினா இந்தக் கலக்கியை நிறுத்திட்டுப் பின்வாசல்ல கார் நிக்குது, ஏறிக்கோ, உன் அத்தை கூட்டிக்கிட்டுப் போவான்னேன். அவ சிரிச்சா தம்பி. என் வீட்டுல அவ என் முன்னாடி சிரிச்சு எத்தனை வருஷமாச்சு! எனக்காகப் பாவப்பட்டுச் சிரிச்சா. நான் தோக்கப் போறேனாம்.

அதான் பாலை மொத்தமா இறக்கச் சொன்னேன். உன்னை இங்க நிறுத்தணும்ல. நுரை வரும்னு எனக்குத் தெரியாதா?

எத்தனை வாசல் திறந்து விட்டேன் உனக்கு, யோசிச்சுப் பாரு. கிளம்புன்னேன். யாராவது காத்திருக்காங்களான்னேன். பேரைக் கேட்டேன். என்கிட்டயே வந்து சொல்லலாமேன்னுகூடக் கேட்டேன். மாப்ளேன்னு கூப்பிடலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, சத்தியமா. நீதான் ஒவ்வொண்ணா இழுத்துச் சாத்தினே.

பயத்துல சொன்னேன்னு அவளுக்குப் புரியும்கறியா? புரிஞ்சிருக்கும். அதான் தங்கச்சின்ன வரைக்கும் மோட்டார் ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு. பேர் தெரியாதுன்னே, ஓடுச்சு. எண்ணமே இல்லைன்னே, அப்பவும் ஓடுச்சு. எல்லாத்தையும் மன்னிச்சுக்கிட்டே உக்காந்திருந்திருக்கா, பைத்தியக்காரி. எனக்கே பயம் வந்துடுச்சு, எங்க தோத்துடுவேனோன்னு.

அவளுக்கு உன்னை எதுக்குப் பிடிச்சதுன்னு நேத்து கேட்டேன். உனக்குச் சொல்லியிருக்காளா? சொல்லலையா. எனக்குச் சொன்னா. அந்த ஒரு வரியை மட்டும் அவ திக்காமச் சொன்னா. நான் பேசறப்போ சிரிக்காத ஒரே ஆள் அவர்தாம்ப்பான்னா.

ஓடி என்ன பண்ணப் போறே, கார் போயாச்சு. நில்லு. மேல ஏறிட்டா நுரை அடங்கற வரைக்கும் இறங்கக் கூடாது, அது நீ எழுதின விதிதானே. குழாயை எடு. சாய்ச்சுப் பிடி. தூறல் மாதிரி.