மெர்பாவ் வேர்க்கட்டை

உக்காரல்லாம் வேணாங்க கிராணி ஐயா, உங்களுக்குத் தோட்டத்துக் கணக்கு எழுதற வேல இருக்கும், நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிடறேன். எங்கண்ணன் சன்னாசி வேணும்னு செய்யலீங்க. ஆமாங்க, ரந்தாவ் போலீஸ் ஸ்டேசன்ல வேற மாதிரிதான் பேசிக்கிறாங்க. ஜப்பான்காரன் காலு நசுங்கிப் போச்சு, யாரையாவது புடிச்சுத்தானே ஆகணும்.

ஆனா கட்டையப் பத்தித் தெரிஞ்சவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. அது மெர்பாவ் மரத்து வேருங்க. காஞ்சா இரும்புதான், ரம்பத்துப் பல்லே மழுங்கிப் போவும். நேரா இருந்தாலும் பரவால்ல. இது படுத்த எரும மாதிரி, ஒரு பக்கம் வயிறு, ஒரு பக்கம் கொம்பு. எப்படி வச்சாலும் தரையில ஒக்காராது. பாலத்துக்கு முட்டு வேணும், இதத்தான் அறுக்கணும்னு அந்த ஜப்பான் மாஸ்டரு காட்டிட்டான். வேற கட்ட குடுங்கன்னு எங்கண்ணன் கெஞ்சுனாரு. விட்டான் ஒரு அறை. அதோட சரி.

அப்பவும் அவரு அவசரப்படலீங்க. நாங்க குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால எங்க கொட்டகையில குழி பறிச்சு, கட்டையோட வயித்த அதுக்குள்ள எறக்குனாரு. ரெண்டு பக்கமும் ஆப்பு வச்சாரு. மேல கயித்தப் போட்டு தூணுல சுத்தி, முனைய என் கையில குடுத்தாரு. கொஞ்சம் அறுப்பாரு, நிறுத்துவாரு, அறுத்த வாயில ஒரு சின்ன ஆப்ப செருகுவாரு. இல்லாட்டி கட்ட ரம்பத்தக் கவ்விக்குமாம்.

என்னங்க? சரிங்க, சுருக்கமாவே சொல்றேன். கோச்சுக்காதீங்க.

பாதி அறுக்கறதுக்குள்ள மாஸ்டருக்குப் பொறுமை போச்சு. என்னமோ திட்டிக்கிட்டே வந்து, பூட்ஸ் காலால ஆப்ப ஒதச்சுத் தள்ளிட்டான். தள்ளிட்டு சரிவுப் பக்கமே நிக்கிறான். கட்ட திரும்புது. கயிறு என் கைய உரிச்சுக்கிட்டு ஓடுது. இந்தா பாருங்க... வேணாம், விடுங்க, என் கைக்கு என்ன வந்துச்சு. எங்கண்ணன் ரம்பத்தப் போட்டுட்டு ஓடிப் போயி கட்டைக்குத் தோளக் குடுத்தாருங்க. வேணும்னு செய்யறவன் தோளக் குடுப்பானா? கட்ட நிக்கல. மாஸ்டரு காலு மேலயே உருண்டு போயிருச்சு.

நேத்து ஸ்டேசன்ல இருக்கற எங்கண்ணனுக்கு மரவள்ளிக் கஞ்சி கொண்டு போனேன். உள்ள விடல. கம்பிக்குள்ள மொகம் மட்டும் தெரிஞ்சுச்சு, வாயெல்லாம் வீங்கி... அந்த வாயால திரும்பத் திரும்ப ஒண்ணையே சொல்லிக்கிட்டு இருக்காரு. தமிழ்லதான். அவங்களுக்கு வெளங்கல. வெளங்காத கோவத்துல இன்னும் அடிக்கிறாங்க. அடுத்த லோரியில சயாமுக்கு ஏத்திருவாங்களாம், ரயில் ரோடு போட. அங்க போனவங்க யாருங்க திரும்பி வந்தா?

இல்லங்க, ஆள விடச் சொல்லிக் கேக்க வரல. உங்களால ஆவாதுன்னு தெரியும்.

கட்ட திரும்பறதுக்கு முன்னாலயே எங்கண்ணன் கத்துனாரில்ல, மாஸ்டர், அங்கிட்டு நிக்காதீங்க, உருளும்னு. ஸ்டேசன்லயும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்காரு. தமிழ்ல சொன்னா அவனுக்கு என்ன தெரியும்? அவங்க பாசை படிச்சவரு அங்க நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க. அவனுக்குப் பக்கத்துலதான் நின்னீங்க. வாயத் தொறக்கல.

அய்யய்யோ, உங்க மேல குத்தம் சொல்லலீங்க. பயமா இருந்திருக்கும். உங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு. இப்பவாவது போயி அந்த ஒரு வார்த்தைய எடுத்துச் சொல்லுங்கய்யா.

போவ முடியாதுங்களா?

சரிங்க. அப்ப எனக்காச்சும் சொல்லிக் குடுங்க. நானே ஸ்டேசன் வாசல்ல நின்னு கத்துறேன். உருளும்ங்கறதுக்கு ஜப்பான் பாசையில என்னங்க?