அரசிக்கு ஒரு பல் குறைவு

காலையில் எழுந்ததும் தொங்குபடுக்கையைச் சுருட்டி ஆணியில் மாட்டுவேன். அடுப்பு மூட்டி, நேற்றைய சோள அடையைச் சூடாக்கி, கறுப்புக் காப்பியில் தொட்டுத் தின்பேன். பூட்ஸைக் கவிழ்த்து, தேள் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பேன். பிறகு கல்லிடம் போவேன். நெய்தி இருந்தபோதும் இதேதான். காப்பி மட்டும் அப்போது நன்றாக இருந்தது.

கல்வெட்டுகளைப் பார்த்து வரைவது என் வேலை. மெரிதா நகரக் கல்லூரியில் அதைத்தான் படித்தேன். என் மனைவி நெய்தி எங்கள் அகழாய்வு முகாமில் சமைத்தாள். அவள் சாப்பாட்டுக் கூடையோடு வரும்போது அரசர்களின் மெய்க்கீர்த்தியை வாசித்துக் காட்டுவேன்.

“எல்லாக் கல்லுலயும் ஒரே பீத்தல். பொறந்தேன், அரசப் பாயில உக்காந்தேன், பக்கத்து ஊர்க்காரனப் புடிச்சுக் கட்டினேன். இவனுக்கு அடை சுட்டுப் போட்டவ பேரு எங்க?” என்பாள்.

அதை அவளுடைய விருப்பமாக எடுத்துக்கொண்டேன். சிறுநீரகம் கெட்டு அவள் இறந்தாள். அதன் பிறகு, பெரிய கற்தூணில் அரசன் பெயர் இருந்த கட்டம் மழையில் கரைந்து வெறுமையாகக் கிடந்தது என் கண்ணை உறுத்தியது. மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது உளியை எடுத்து, அங்கே அவள் பெயரை வெட்டினேன். பெண்ணின் பெயருக்கு முன்னால் ஒரு பெண்முகம் செதுக்குவது எங்கள் முன்னோர் வழக்கம். நான் செதுக்கிய முகத்துக்கு நெய்தியின் சப்பை மூக்கு. மணலால் தேய்த்தேன். பாசி பிடிக்கத் தயிர் பூசினேன். மீதியை மழைக்காலம் பார்த்துக்கொண்டது.

அறிஞர்கள் வந்தார்கள். ஆண்டது ஒரு பெண் என்று தெரிந்ததும் ஒருவர் கண் கலங்கினார். இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை.

தூணுக்கு அடியில் கல்லறை இருந்தது. அதைத் திறக்க முடிவு செய்தார்கள். ஒல்லியானவன் என்பதால் துளை வழியே முதலில் இறங்கி வரைய வேண்டியவன் நான். உள்ளே நெடிய ஓர் ஆண் கிடந்தான். இடுப்பெலும்பைப் பார்த்தாலே தெரியும். மேலே ஏறி வந்து, “அரசிதான்” என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஒரு பெண் தேவைப்பட்டாள்.

எங்கள் ஊரில் இறந்தவரை மூன்றாண்டு கழித்து வெளியே எடுத்து, எலும்புகளைத் துடைத்து மரப்பெட்டியில் வைப்போம். பெட்டிக்குள் பெயர் பின்னிய துணி விரிப்போம். வருடந்தோறும் இறந்தோர் திருநாளுக்கு முன் துணி மாற்றி, மறுபடி துடைத்து, ஊர்ச் செய்தி சொல்வோம். நெய்தி அப்போதுதான் பெட்டிக்கு வந்திருந்தாள். பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிப் பெட்டியை வாங்கிப் போனேன்.

நெய்தியின் முன்பல்லுக்குத் தங்க உறை. அந்தக் கால அரசிக்கு அது பொருந்தாது. பல்லைக் குறடால் பிடுங்கினேன், ஒரே இழுப்பு. இரவில் தனியாகத் துளை வழியே இறங்கி, அவள் எலும்புகளுக்குக் கல்லறையின் சிவப்புப் பொடியைத் தடவி, அரசன் கிடந்த வரிசையிலேயே அடுக்கினேன். அரசனைப் பெட்டியில் வைத்தேன். தொடையெலும்பைச் சாய்த்து வைத்ததும் மூடி இறங்கியது. அவன் முன்பற்களில் பதித்திருந்த பச்சைக்கற்களை மெழுகால் மறைத்து, ஒன்றின் மேல் பொன்னிறம் பூசினேன்.

அந்த வருடம் மாமியார் காசில்டா அவனை மடியில் வைத்துத் துடைத்தாள்.

“மாப்ள, நம்ம புள்ள நீண்டிருக்காளே?”

“படுத்தே கெடந்தா நீளும் அத்தை.”

“அதுவுஞ் சரிதான். உசுரோட இருக்கயில எங்க படுத்தா அவ.”

இந்த வருடம் அவள் மெழுகுவர்த்திகளைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டாள். என் மெழுகும் உருகியது. மண்டையோட்டைக் கூடையில் வைத்துக்கொண்டு முகாமுக்கே வந்துவிட்டாள்.

“என் புள்ள எந்தக் காலத்துல பல்லுல பச்சைக்கல்லு பதிச்சா? போன வருசம் பூரா எவனோ ஒருத்தங்கிட்ட என் மூட்டுவலியச் சொல்லியிருக்கேன். யாருடா இவன்?”

“அரசன், அத்தை.”

“அரசனுக்கு என் புள்ள பேரு போட்ட துணியா? அவ எங்கடா?”

அவள் இருப்பது தலைநகர அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குள். நீங்கள் அங்கிருந்துதான் வந்திருக்கிறீர்கள். அரசியைத் திருப்பித் தர ஆதாரம் வேண்டும் என்கிறீர்கள். மகளைக் கொடுத்தால்தான் இவனைக் கொடுப்பேன் என்று மாமியார் வாசலில் கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள். சிறைபிடித்து வைத்திருக்கிறாள். எங்கள் அரசனுக்கு இந்த வழக்கம் புதிதல்ல.

இதோ பல். அந்த இடைவெளியில் பொருத்திப் பாருங்கள், பொருந்தும். தூணில் பெயரை வெட்டியவன், கல்லறையில் அவளை வைத்தவன், ஒரு தாயிடம் அந்நியன் எலும்பைக் கொடுத்துத் துடைக்க விட்டவன், எல்லாம் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று அவளைப் பார்க்கிறார்கள். சமையல்காரிக்கு யார் இதைச் செய்வார்கள்? அவள் விரும்பியதைத்தான் செய்தேன்.

விரும்பினாளா என்று கேட்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் சொன்னதை அப்படியே சொல்லச் சொல்கிறீர்கள். மாமியாருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டுமா? சரி.

“என்னை அம்மாகிட்டயே வச்சிரு, வில்பெர்ட். செத்தும் உன்கூட அந்தக் காட்டுல கொசுக்கடி பட என்னால ஆகாது.”