சிறந்த ரசிகருக்கான கேடயம்

கல்முனை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருவர். மடியில் கேடயம் வைத்திருந்தவர் சொன்னார்: "இது கிடைச்ச நாளிலிருந்து ஊரில ஒருத்தனும் என்ட சலாத்துக்குப் பதில் சொல்றானில்ல மச்சான்."

"ஃபுட்போல் மெச்சில சொறிக்கல்முனை ஊர்ப் பொடியன் நமக்கெதிராக் கோல் போடக்குள்ள நீ ஏன் கைதட்டின?"

"நல்ல கோல் மச்சான். அதுக்குத்தானே மெச் நடத்தினவங்க சிறந்த ரசிகன் எண்டு இதத் தந்தாங்க."

"திருப்பிக் குடுத்திரன்."

"குடுக்கத்தான் போன. அடுத்த வருஷமும் வேற ஆள் கிடைக்காது, நீங்களே வெச்சிக்கங்க எண்டுட்டாங்க."

ஊர்ச் சந்திக்கு ஒரு பஸ் தரிப்பு முன்பே நண்பர் எழுந்தார். "நான் இதில இறங்குறன். ஒன்னோட இறங்கினா ஆக்கள் காணுவாங்க."

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் கேடயக்காரர்.

நண்பர் வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, சலாத்துக்குப் பதில் சொல்லாமலே இறங்கிப் போனார்.