நாற்பது நிமிடக் குளியல்

லாவெண்டர் எண்ணெயை அப்படியே தண்ணீரில் விடக் கூடாது, இன்ஸ்பெக்டர் சார். மேலாக மிதக்கும், தோலில் பட்டால் எரியும். ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயில் ஆறேழு சொட்டு கலந்து, அதைத்தான் வெந்நீரில் ஊற்ற வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை.

என் பெயர் சகாயநாதன். ஓசூரில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் உலைப் பகுதிக்கு இன்சார்ஜ். பதினெட்டு வருட சர்வீஸ். போன வருடம் ஹரீஷ்குமார் என்ற ஆபரேட்டர், சூடேற்றும் சைக்கிள் முழு நேரம் ஓடி முடியும் முன்பே உலைக் கதவைத் திறந்துவிட்டான். முந்நூறு கியர் குப்பைக்குப் போனது. ஓர் அறை விட்டேன். ஒரு காது மந்தமாகிவிட்டது என்று லீவு போட்டான். கோபத்தை அடக்கக் கற்றுத்தரும் மூன்று நாள் முகாமுக்குக் கம்பெனி என்னைப் பெங்களூருக்கு அனுப்பியது. இன்னொரு முறை கை ஓங்கினால் வேலை இல்லை என்று எழுதியும் வாங்கிக்கொண்டார்கள். தப்பு செய்தவனுக்கு லீவு, தட்டிக்கேட்டவனுக்கு முகாம்.

அங்கேதான் இந்தக் குளியலைக் கற்றேன். நாற்பது நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு, யாருடைய தொந்தரவும் இல்லாமல் படுத்திருக்க வேண்டும். வாடகை வீட்டில் தொட்டி ஏது? பெரிய நீல டிரம் ஒன்றை நீளவாக்கில் அறுத்து, ஓரத்தைத் தேய்த்து, பாத்ரூமில் போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது வாரமே பலன் தெரிந்தது. குளித்த நாட்களில் என் மனைவி பவுலினாவை நான் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அதனால்தான் பாட்டில் தீருமுன்னே அடுத்ததை அவளே வாங்கி வைத்துவிடுவாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் அவளைக் கட்டாயப்படுத்தினேன் என்று அவள் அண்ணன் சொல்வது பொய்.

அவளுக்கு ஆஸ்துமா. "ஏங்க, அந்த வாசன வந்தாலே நெஞ்ச அடைக்குதுங்க" என்பாள். இந்த வாசனை ஆகாது என்று டாக்டரும் சீட்டில் எழுதியிருந்தார். படித்தேன். அதற்காகத்தான் ஓர் ஏற்பாடு செய்தோம். தினமும் நான் குளிக்கும்போது அவள் பக்கத்து போர்ஷன் பேச்சியம்மாள் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

இன்ஹேலர் பாத்ரூமுக்குள் ஏன் இருந்தது என்று கேட்டீர்கள். கம்பெனியில் எந்தப் பொருளுக்கும் ஓர் இடம், அந்த இடத்துக்கு ஒரு லேபிள். வீட்டையும் அப்படித்தான் வைத்திருந்தேன். அவளோ இன்ஹேலரைத் தலையணைக்கு அடியில், டிவி மேல், அரிசி டப்பா மேல் என்று கண்ட இடத்தில் போடுவாள். எத்தனை தடவை சொல்வது? பாத்ரூம் கண்ணாடி அலமாரியில் மருந்துத் தட்டு வைத்து 'இன்ஹேலர்' என்று லேபிள் ஒட்டினேன். அன்றிலிருந்து ஒழுங்காக அங்கேயே வைத்தாள்.

அன்று அடுப்பில் குழம்பு இருந்திருக்கிறது. அடுப்பை அணைக்கப் பேச்சியம்மாள் வீட்டிலிருந்து வந்திருக்கிறாள். நான் தொட்டியில் இறங்கிப் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். கதவைத் தட்டினாள்.

"ஏங்க, அந்த இன்ஹேலர கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

"இன்னும் அரை மணி நேரம் இருக்குது. தட்டாதடி."

"மூச்சு வரலைங்க..."

ஐந்தாறு தடவை தட்டும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டதாகவும், வழக்கமான சண்டை என்று இருந்துவிட்டதாகவும் பேச்சியம்மாள் சொல்லியிருக்கிறாள். பதினேழு தடவை, சார். நான் எண்ணினேன். மனது அலைந்தால் எதையாவது எண்ணச் சொல்லி முகாமில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அலமாரி கைக்கெட்டும் தூரம்தான். லேபிள் எனக்கு நேர் எதிரே தெரிந்தது. ஆனால் சைக்கிள் ஓடும்போது யார் வந்து தட்டினாலும் கதவைத் திறக்கக் கூடாது. இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள். இன்று இன்ஹேலர் என்பாள், நாளைக்கு கேஸ் சிலிண்டர்க்காரன் வந்திருக்கிறான் என்பாள். என் சம்பளத்தில் நடக்கும் வீட்டில் எனக்கென்று நான் கேட்டது நாற்பது நிமிடம். மிச்சம் இருபத்து மூன்று மணி இருபது நிமிடம் அவளுக்குக் கிடக்கிறது. இந்த நாற்பதில்தான் இவளுக்கு மூச்சு இழுக்க வேண்டுமா?

குழாயைத் திறந்துவிட்டேன். சத்தம் கொஞ்சம் அமுங்கியது. பிறகு அது கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள் என்று புரிந்தது. கடைசியில் நகத்தால் சுரண்டுவது மாதிரி கேட்டது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மீதி நேரத்தை முழுசாக முடித்தேன். தலை துவட்டி, லுங்கி கட்டி, இன்ஹேலரைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். கதவில் சாய்ந்திருந்தவள் என் கால்மேல் விழுந்தாள். உதடு நீலமாகியிருந்தது. அப்போதும் மருந்தை அவள் வாயில் வைத்து இரண்டு தடவை அழுத்தினேன்.

அவள் சாவதைக் கேட்டுக்கொண்டேதான் படுத்திருந்தேன். ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் 'கோபத்தில்' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். எனக்குக் கோபமே வரவில்லை, சார். வந்திருந்தால் எழுந்து போய்க் கதவைத் திறந்து நாலு அறை விட்டிருப்பேன். பவுலினா இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.